பழைய லாரியில் எதை மாற்றுவது

ஏப்ரல் 27, திங்கள்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கிணற்றில் தண்ணீர் இன்னும் இறங்கியிருக்கிறது. முடிச்சூர் முழுக்க டேங்கர் கேட்டு போன், நம் லாரியோ ஷோரூமில். கிளட்சை மட்டும் பாருங்கள் என்று சொல்லி விட்டுவிட்டு வந்தது. பதினோரு மணிக்கு அழைப்பு. வண்டி நிறைய ஓடியிருக்கிறதாம், வேலை இருக்கிறதாம், நேரில் வந்தால் நல்லதாம்.

போனேன். தம்பி ரவியும் கூட வந்தான். லாரியை ஓட்டுபவன் அவன். சொந்தக்காரி நான். கத்துவதும் நான்.

டை கட்டிய அட்வைசர் ஒரு தாளை நீட்டினான். இஞ்சின் ஆயில், இஞ்சின் பிளஷ், கூலண்ட், கியர் ஆயில், ஏர் டிரையர், இன்ஜெக்டர் கிளீனிங், முன்னும் பின்னும் பிரேக் லைனிங், டிரம், பின்பக்கம் பூஸ்டர் இரண்டும், அடியில் துருவுக்குப் பூச்சு, கேபினுக்கு வாசனை ஸ்ப்ரே. தண்ணீர் லாரிக்கு வாசனை. ரத்தம் தலைக்கு ஏறியது.

கிளட்சைப் பார்க்கச் சொன்னால் ஜாதகமே எழுதி நீட்டுகிறாயா என்று கேட்டேன். “இவ்ளோ கிலோமீட்டர் ஓடின வண்டிக்கு எல்லாமே கம்பெனி ரெகமெண்டேஷன் மேடம்,” என்றான். பூஸ்டரைப் பற்றித் தனியாக ஏதோ சொல்ல வாயெடுத்தான். மூடு என்றேன். நாற்காலிக்கு ஓர் உதை. அது போய்க் கண்ணாடிக் கதவில் இடித்தது. கண்ணாடி உடையாததில் எனக்கு வருத்தம்தான். பின்னால் யாரோ, “இன்னா பொம்பளடா இது.” திரும்பினேன். அத்தனை பேரும் தங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிளட்ச் வேலையோடு வண்டியை எடுத்து வந்துவிட்டோம். ரவி வழி நெடுக சிரித்துக்கொண்டு வந்தான். தாளைச் சுக்குநூறாகக் கிழிக்கத்தான் கை போனது. கிழிக்கவில்லை. அடுத்த மாதம் எப்.சி. தகுதிச் சான்றுக்கு ஆர்.டி.ஓ.வில் வண்டியைக் காட்ட வேண்டும். முழுதும் பொய்யென்றால் கவலை இல்லை. உள்ளே நாலு நிஜம் கலந்திருந்தால்?

ஏப்ரல் 28, செவ்வாய்

புழுக்கம். காற்றே இல்லை. தோசை மாவு புளித்துப் பொங்கி பிரிட்ஜ் முழுக்க வழிந்திருக்கிறது.

தாளை இவரிடம் காட்டினேன். கிண்டியில் ஏசி ரூமில் உட்கார்ந்து வேலை பார்க்கிற மனுஷன். கம்பெனிக்காரன் சொன்னால் எல்லாவற்றையும் செய்துவிட வேண்டியதுதானே என்றார். சீசன் நேரத்தில் வண்டி ஒரு வாரம் நின்றால் தண்ணீரை நீங்கள் குடத்தில் சுமந்து போடுவீர்களா என்று கேட்டேன். கரண்டி பறந்தது. சுவரில்தான் பட்டது. அவர் குனியக்கூட இல்லை, பழகிவிட்டார்.

பேனாவோடு உட்கார்ந்து வேண்டாததை நானே அடித்தேன்.

வாசனை ஸ்ப்ரே: செருப்பால் அடி.
துருப் பூச்சு: இருக்கிற துருவின் மேல் பூசி என்ன. வேண்டாம்.
இஞ்சின் பிளஷ்: வேண்டாம். பழைய இஞ்சினில் படிந்து கிடக்கிற அழுக்கைக் கிளப்பிவிட்டால் அது எங்கே போய் அடைக்குமோ.
இன்ஜெக்டர்: கரும்புகை இல்லை, இழுவை குறையவில்லை. வேண்டாம்.
இஞ்சின் ஆயில்: செய்யணும். மீட்டரை வைத்துக் கணக்குப் பார்த்தால் இன்னும் நாள் இருக்கிறது. ஆனால் நம் லாரி நின்ற இடத்திலேயே பம்பு ஓட்டிக்கொண்டு மணிக்கணக்காக உறுமுகிறது. அந்த உழைப்பு மீட்டரில் ஏறாது.
கியர் ஆயில்: பம்பு ஓடுவதே கியர்பாக்ஸ் தயவில். செய்யணும்.
கூலண்ட், ஏர் டிரையர், லைனிங், டிரம், பூஸ்டர்: சந்தேகம். மெக்கானிக் தாஸிடம் கேட்கணும்.

இதை எழுதி முடித்ததும் மனம் கொஞ்சம் தணிந்தது. அடுத்த வீட்டு நாய் குரைத்தது. மறுபடி ஏறிவிட்டது.

ஏப்ரல் 29, புதன்

இரும்புலியூரில் தாஸ் பட்டறை. போகிற வழியில் ஒரு ஷேர் ஆட்டோ குறுக்கே விழுந்தது. ரவி இறங்கினான், வீல் ஸ்பேனரோடு. ஆட்டோவின் பக்கக் கண்ணாடி தெறித்தது. “நீ வூட்டுக்கு முழுசாப் போவ மாட்ட,” என்றான். ஆட்டோக்காரர் ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு ஓடியேவிட்டார். நான் கேபினில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுத்து என்று சொல்லவில்லை. பார்க்க நன்றாக இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

தாஸ் ரேடியேட்டரைத் திறந்துவிட்டான். டீ டிகாக்ஷன் மாதிரி கொட்டியது. தண்ணீர் விற்கிற வீட்டில் கூலண்டை எவன் வாங்குவான் என்று இத்தனை வருடமும் நம் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறோம். உப்பு அரித்து ஒரு டியூப் ஓட்டை. கூலண்ட்: செய்யணும். ஷோரூம்காரன் சொன்னது சரி. எனக்கு அவன் மேல் கோபம் இன்னும் கூடிவிட்டது.

காற்றுத் தொட்டியைத் திறந்தால் எண்ணெய்த் தண்ணீராகத் துப்புகிறது. பிரேக் ஓடுவதே அந்தக் காற்றில். காற்றின் ஈரத்தை வடிக்கிற ஏர் டிரையர்: செய்யணும்.

லைனிங் பின்னால் தேய்ந்திருக்கிறது, முன்னால் பாதிக்கு மேல் மிச்சம். பின்பக்கம் மட்டும் போதும். டிரம் கடைந்தால் போதும்.

பூஸ்டர். ஹேண்ட்பிரேக் போட்டதும் பின்சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கிற உருளை அது. தாஸ் குனிந்து பார்த்தான். நிமிர்ந்து ரவியைப் பார்த்தான். ரவி எதிர்க்கடை போர்டைப் படித்துக்கொண்டிருந்தான். “அது ஓடுதுக்கா,” என்றான் தாஸ். கண்ணால் பார்க்க வேண்டும் என்றேன். ரவி பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினான். நானும் தாஸும் பட்டறை ஆட்களும் சேர்ந்து முட்டித் தள்ளினோம். அசையவில்லை. “நல்லா புடிக்குதுக்கா,” என்றான் ரவி.

பூஸ்டர்: வேண்டாம். அடித்தாயிற்று.

ஏப்ரல் 30, வியாழன்

தாஸ் ஒரே நாளில் முடித்துவிட்டான். ஆயில், கூலண்ட், டிரையர், பின் லைனிங். நாளை விடுமுறை, ஆனால் தண்ணீருக்கு விடுமுறை கிடையாது.

சாயங்காலம் ரவி வண்டியை உள்ளே கொண்டுவரும்போது கேட்டில் உரசிப் பக்கக் கண்ணாடியைப் பெயர்த்துவிட்டான். லோடு ஏற்றுகிற ஆட்கள் எதிரிலேயே கன்னத்தில் இரண்டு வைத்தேன். இருபத்தெட்டு வயது, கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறோம். வாங்கிக்கொண்டு நின்றான். அப்புறம் அவனுக்குப் பிடிக்குமே என்று கருவாட்டுக் குழம்பு வைத்தேன். தட்டை மாடிக்கு எடுத்துப்போய்ச் சாப்பிட்டான்.

மே 1, வெள்ளி

தலைவலி. போன் ஓயவில்லை. குன்றத்தூர் அடுக்குமாடி செக்ரட்டரி, போன லோடில் தண்ணீர் குறைந்ததாம். “ஏமாத்துறீங்க மேடம்” என்கிறார். நாளைக்கு நானே வருகிறேன், அளந்துகொள், குறைந்தால் என் தலையை எடுத்துக்கொள், குறையாவிட்டால் உன் தலை என்றேன்.

மே 2, சனி

முழங்கை, முட்டி எல்லாம் சிராய்ப்பு. வரிசையாக எழுதிவிட வேண்டும்.

குன்றத்தூர். முருகன் மலைக்குப் போகிற கூட்டத்தைத் தாண்டி, அடிவாரத்தில் அந்த அடுக்குமாடி. சிமெண்ட் தெரு, நல்ல சரிவு. லாரி மூக்கு மேல்நோக்கி நின்றது. ரவி கியரில் போட்டு இஞ்சினை அணைத்தான். குதித்து இறங்கி, படிக்குப் பக்கத்தில் வைத்திருந்த கருங்கல்லை எடுத்துப் பின்சக்கரத்துக்குப் பின்னால் வைத்து உதைத்து இறுக்கினான். மறுபடி ஏறி நியூட்ரலில் ஸ்டார்ட் செய்துவிட்டு, ஓஸ் பைப்பை மாட்ட இறங்கினான். பம்பு ஓட வேண்டுமென்றால் வண்டி நியூட்ரலில்தான் இருக்க வேண்டும். குளிக்கப் போகிறவன் துண்டு எடுப்பதுபோல அவ்வளவு பழக்கமாகச் செய்தான். ஹேண்ட்பிரேக் இருக்கும்போது கல் எதற்கு என்று கேட்டேன். சும்மா சேஃப்டிக்கு என்றான்.

அதற்குள் செக்ரட்டரி வந்துவிட்டார். டேங்கின் மேல் ஏறிப் பாருங்கள் என்கிறேன், ஏறமாட்டேன் என்கிறார். தண்ணீரில் உப்பு என்கிறார். மாடியிலிருந்து ஒருத்தி, “இவங்களையெல்லாம் உள்ளயே விடக்கூடாது.” நான் அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். ஓஸ் மூட்டிலிருந்து தண்ணீர் கசிந்து சக்கரத்துக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்ததை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

கல் வழுக்கியது. சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை. சட்டி நகர்த்துகிற சத்தம்தான். லாரி பின்னால் போனது.

ஓஸ் பிய்ந்துவந்து செக்ரட்டரியின் முட்டியில் அடித்தது. அவர் விழுந்தார். ரவி ஓடினான். லாரியை விட்டு விலகி ஓடியிருக்கலாம். கேபினை நோக்கி ஓடினான். கதவு திறந்து ஆடிக்கொண்டிருந்தது, முழு லோடும் பின்பக்கம் இழுக்கிறது, இவன் ஒரு கையால் கதவைப் பிடித்துவிட்டான். நான் காலரைப் பிடித்தேன், கிழிந்தது. தலைமுடியைப் பிடித்தேன். இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் தரையில். முன்சக்கரம் அவன் பாதத்தை ஒட்டி உருண்டு போனது.

கீழே தெருமுனையில் இஸ்திரி வண்டி. நல்லவேளை, இஸ்திரிக்காரர் எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தார். வண்டி அப்பளமாக நொறுங்கியது. கரித்துண்டுகள் தெருவெல்லாம். காலி மனைச் சுவர் விழுந்தது. டேங்க் கிழிந்து தண்ணீர் முழுதும் ஒரே பாய்ச்சலாக வெளியே வந்தது. நெருப்பு, ஆவி, யாரோ ஒரு குழந்தை அழுகிற சத்தம். குழந்தைக்கு ஒன்றுமில்லை, பயந்துவிட்டது.

நான் ரவியின் மார்பில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தேன். இந்தக் கன்னம், அந்தக் கன்னம், வாய். எதுக்குடா ஓடினே, எதுக்குடா ஓடினே. உதடு கிழிந்து ரத்தம். சுற்றிக் கூட்டம், பிடித்து இழுக்கிறார்கள். அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சொன்னான்.

“வண்டி போச்சுன்னா நீ என்னைக் கொன்னுடுவேன்னுதான்க்கா ஓடினேன்.”

ஓங்கின கை அப்படியே நின்றது. அப்புறம் மெதுவாக இறக்கினேன், ரத்தத்தைத் துடைக்கத்தான். அவன் அதற்கும் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

மே 3, ஞாயிறு

காலையில் போலீஸ் ஸ்டேஷன். இஸ்திரிக்காரருக்குப் புது வண்டி வாங்கித் தருவதாக எழுதிக் கொடுத்தேன். சுவருக்கும் நாங்களே பொறுப்பு. செக்ரட்டரிக்கு முட்டியில் கட்டு. என்னைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்.

அங்கிருந்து நேராகத் தாஸ் பட்டறை. ஜாக்கி ராடை எடுத்துக்கொண்டுதான் உள்ளே போனேன். அவனுடைய ஏர் கம்ப்ரஸரின் மீட்டரை முதலில் உடைத்தேன். அவனே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

பொங்கல் சமயத்திலேயே பூஸ்டரில் காற்று கசிய ஆரம்பித்திருக்கிறது. காற்று போனால் அது தானாகவே சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும், வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். மாற்ற இரண்டு நாளாவது வேண்டும். ரவிதான் ஒரு போல்ட்டை உள்ளே விட்டு முறுக்கி, கவ்வவே கவ்வாதபடி இழுத்துக் கட்டிவைக்கச் சொல்லியிருக்கிறான். வண்டி ஓடும், மிதித்தால் நிற்கும், ஹேண்ட்பிரேக் மட்டும் வெறும் பொம்மை. லாரிக்காரர்கள் ஒரு நாள் சமாளிக்கச் செய்கிற வேலை. இவர்கள் மாதக்கணக்காக ஓட்டியிருக்கிறார்கள். புதன்கிழமை நாங்கள் தள்ளியபோது வண்டி கியரில் இருந்திருக்கிறது. நான் கியர் கம்பியைப் பார்க்கவே இல்லை.

டை கட்டினவன் திங்கட்கிழமை சொல்ல வந்தது இதைத்தான். அந்தத் தாளில் பாதி கொள்ளை, கால்வாசி வருகிற வருடம் பார்த்துக்கொள்ளலாம். ஒன்றே ஒன்று உயிர். அதை நான் அடித்தேன்.

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று தாஸிடம் கேட்டேன். ராடைக் கீழே வைங்கக்கா, சொல்கிறேன் என்றான். வைத்தேன். அதைக் காலால் எட்டத் தள்ளிவிட்டு, உடைந்த மீட்டரைப் பொறுக்கப் போனான்.

வீட்டுக்கு வந்தால் மாடியில் ரவியின் அறைக் கதவில் பூட்டு.

மே 4, திங்கள்

ரவி போன் எடுக்கவில்லை. மாற்றுச் சாவி போட்டு மாடியைத் திறந்தால் துணிப் பையைக் காணோம். சார்ஜர் இல்லை. ஷேவிங் செட் இல்லை. கருவாட்டுக் குழம்புத் தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது.

கிரேன் வைத்து வண்டியை எடுத்தார்கள். எதை மாற்றுவது என்று கேட்டார்கள். முதலில் பூஸ்டர் இரண்டும், புதிது, பில்லோடு, என் கண்ணெதிரில் என்றேன். யாரையும் திட்டவில்லை. இவர் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலா என்று பார்த்தார். தட்டிவிட்டேன்.

மே 5, செவ்வாய்

மேகமூட்டம். பெய்யாது.

இவர் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்து வந்தார். ரவி பெரும்பாக்கத்தில், சிநேகிதன் வீட்டில். எட்டாவது மாடி. உதட்டில் தையல். நாளையிலிருந்து அந்தப் பக்கம் யாருடைய டேங்கரையோ ஓட்டப் போகிறானாம். பழைய வண்டிதானாம். நல்லா இருக்கேன்னு அக்காகிட்ட சொல்லுங்க என்றானாம். சாப்பிட்டானா என்று கேட்டேன். சாப்பிட்டான் என்றார்.

அந்த வண்டிக்கு ஹேண்ட்பிரேக் பிடிக்கிறதா என்று கேட்டு வாருங்கள், சரிவில், முழு லோடோடு, நியூட்ரலில் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். போனை எடுத்து என் கையில் கொடுத்தார். நீயே கேளேன், இப்போது எடுப்பான் என்றார்.

“வேணாம். நான் கேட்டா நல்லா புடிக்குதுக்கான்னுதான் சொல்லுவான். நீங்க கேளுங்க.”