தவக்காலத்தில் ஒரு டிரம்பெட்

5 மார்ச் 2012, திங்கள்
காலையிலேயே வெக்கை. காற்று இல்லை. டிரம்பெட் வால்வுக்கு எண்ணெய் போட்டாயிற்று. உதட்டில் வெடிப்பு. வெண்ணெய் தடவணும்.

நாளை தேங்காய்ப்பட்டணம் கடற்கரையில் கடைசிப் பதிவு. ஒலிப்பதிவு செய்கிற ஜெபின் இரணியலிலிருந்து மெஷினோடு வருகிறான். இது முடிந்தால் என் ஆல்பம் முடிந்தது. ஃப்ரீ ஜாஸ். இந்த ஊரில் யாரிடம் சொல்ல!

அம்மா: "நோம்பு காலத்தில குழல் ஊதுவாளா ஒருத்தி? அதும் ராகம் இல்லாம, தாளம் இல்லாம."

ஜெபம்தான் அம்மா என்றேன்.

"ஜெபத்துக்கு எதுக்குட்டி இந்த அலறல்?"

மெதுவாக ஜெபிக்கிறவர்கள் மெதுவாக ஜெபிக்கட்டும். எனக்கு வராது.

6, செவ்வாய்


மதியம் மணலில் நின்று ஊதினேன். முதலில் வெறும் மூச்சு. பிறகு உச்சம், கிழிகிற வரைக்கும். இத்தனை வருடத்தில் இப்படி ஊதியதில்லை. தவக்காலத்தில் கோயில் பேண்ட் கிடையாது. குழல் கேட்டால் சாவு வீடு என்று அர்த்தம். இங்கேயே பிறந்தவள், மறந்துபோனேன். மடச்சி.

மீன் விற்ற பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். "ஆரு மரிச்சது? எந்த வள்ளம்?" அவர்களில் சிசிலி அக்கா மாரில் அடித்துக்கொண்டு அலறினாள். மகன் கடலில். ஜெபினின் மெஷின் எல்லாவற்றையும் பதிந்துகொண்டிருந்தது.

"ஆரும் சாகல அக்கா."

"பின்ன எதுக்குட்டி ஊதுன, பாவி!"

அவள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டேன். அவளிடம் மட்டும்.

7, புதன்
கோயில் கமிட்டிச் செயலாளர் வந்தார். அம்மா போட்ட சாயாவைத் தொடவில்லை.

"பதிஞ்சத அழிச்சுப்போடு மக்ளே. இல்லன்னா திருவிழா பேண்டில நீ இல்ல."

கான்வென்டில் படித்தபோதிலிருந்து ஊதுகிற பேண்ட். யூனிஃபார்மை இஸ்திரி போட்டு மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன். அழிக்க மாட்டேன். அவர் போனபிறகு அழுதேன், அது வேறு.

ஜெபின் போன்: "அந்தக் கூச்சலையாவது வெட்டிரட்டா?"

அதை வெட்டினால் மிச்சம் எதற்கு? நான் ஊதியதைவிட அதுதான் ஜெபம். ஆனால் அது என்னுடையது இல்லையே. அக்காவைக் கேட்காமல் எப்படி வைக்க?

8, வியாழன்
தேங்காய் வாங்கணும். மின்சாரம் இல்லை.

சிசிலி அக்கா வீட்டுக்குப் போனேன். மகன் கரை சேர்ந்துவிட்டான், உள்ளே தூக்கம். ஜெபின் தந்த நகலை என் செல்போனில் போட்டு, இயர்போனை அவள் காதில் மாட்டிவிட்டேன். அசையாமல் கேட்டாள். அவள் அலறல் வந்த இடத்தில் என் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம்னா எடுத்திருதேன் அக்கா. கமிட்டியும் அழிக்கத்தான் சொல்லுது."

"எனக்க சத்தத்த அழிக்க அவனுவ ஆருட்டி?"