வாசக்கதவு வெளுத்த விவரம்

குத்துக்கல்வலசை
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பொறவு

அன்பு மவன் ஆசிப்புக்கு உம்மா எழுதுதது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லா கிருபையில இங்கன நானும் ஒன் பெஞ்சாதி மாஜிதாவும் சொகமா இருக்கோம், என் முட்டிவலி மட்டும் சாரல் விழுந்ததும் வந்து ஒக்காந்துக்கிட்டுப் போக மாட்டேங்குது. நீயும் அங்கன நல்லா இருக்கணும்னு அஞ்சு வேளையும் துஆ கேக்கேன். தெனமும் போன்ல பேசுதோமே, இப்ப எதுக்கு உம்மா காயிதம் எழுதுதான்னு நெனப்ப. போன் மாஜிதா கையில இருக்கு வாப்பா. அவதான் போட்டுத் தருவா, ஸ்பீக்கர்ல வச்சிட்டுப் பக்கத்துலயே ஒக்காந்து வெங்காயம் உரிப்பா. அவளப் பத்திப் பேசணும்னா அவ காதுல விழாம நான் எப்படிப் பேச? எதுத்த வீட்டு மசூது ஞாயித்துக்கெழம சார்ஜாவுக்குத் திரும்புதான், அவன் கையில குடுத்துவிடுதேன். பொறுமையா உக்காந்து படி, வண்டியில போகும்போது படிக்காத.

விஷயம் நம்ம புதுவீட்டு வாசக்கதவு. போன ஜூன் மாசம் அது பாலிஷ் அடிச்ச மறுநாளே கஞ்சித்தண்ணி ஊத்தித் தொடச்ச மாதிரி வெள்ளையா பூத்துப் போச்சுல்லா, அத போட்டோவுல பாத்துட்டு நீ மாஜிதாவ என்ன பேச்சுப் பேசின. ஒனக்கு எதுக்கு இந்த வேலை, ஊடால தலையிடாம பாலிஷ்காரரு பலவேசத்துக்கிட்ட விட்டிருந்தா அவரு ஒழுங்கா முடிச்சிருப்பாரு, நாலு எழுத்து படிச்சிட்டா எல்லாம் தெரிஞ்சுருமோன்னு கேட்ட. நீ போன வச்ச பொறவு நானும் என் பங்குக்கு ஏசினேன். எட்டு வருசம் வெயில்ல நின்னு என் மவன் கட்டுத வீடு, முத முதல்ல கண்ணுல படுத கதவே இப்படி ஆயிப்போச்சேன்னு எனக்கு வயிறு எரிஞ்சுது. அவ கண்ணத் தொடச்சிட்டு மாடிக்குப் போயி உப்புத்தாள எடுத்துத் தரைப் பலகையத் தேய்க்க ஆரம்பிச்சிட்டா. அன்னைக்கு எனக்கு அதுவும் திமிராத்தான் தெரிஞ்சுது.

போன வாரம் நல்ல வெயில் பாத்து, மாடித்தரைக்குக் கடைசிக் கை பாலிஷ் அடிக்க பாலிஷ்காரரு பலவேசம் வந்தாரு. டீ குடுத்தேன். பாதி டீயில டம்ளரக் கீழ வச்சிட்டு அவராவே சொன்னாரு, ஒரு விஷயம் மனசுல உறுத்துதும்மா, கதவு வெளுத்ததுக்கு அந்தப் பிள்ள காரணமில்லன்னு. அன்னைக்கு சாரல் விழுந்துக்கிட்டு இருந்துச்சாம். காத்துல இவ்வளவு ஈரம் இருக்கும்போது அடிச்சா பாலிசுக்குள்ள ஈரம் மாட்டிக்கிட்டு வெளுத்துரும், ரெண்டு நா பொறுங்கன்னு மாஜிதா சொல்லியிருக்கா. சும்மா வாயால சொல்லல, ஒரு தேக்குத் துண்டுல அடிச்சு, அது வெளுத்ததக் கொண்டாந்து அவரு கையில குடுத்திருக்கா. அந்த நேரம் பாத்து நீ அவருக்குப் போன் போட்டு, குடிபோற நாள் குறிச்சாச்சு, சாரலாவது ஒண்ணாவது, இன்னைக்கே அடிச்சு முடிங்கன்னு வெரட்டியிருக்க. அவரும் அடிச்சிட்டாரு. ஏலே, நீ இந்த ஊர்லதான பொறந்து வளந்த? குத்தாலத்துல தண்ணி விழுதான்னு தெனம் கேக்கத் தெரியுது, அதே சாரல் நம்ம வாசல்லயும் விழும்னு தெரியாமப் போச்சா? கடைசியில ஒன் கம்பெனிக்காரன் லீவையும் தள்ளிப் போட்டுட்டான், குடிபோறதும் தள்ளிப் போச்சு. இவ்வளவு அவசரமும் யாருக்காகன்னு நெனச்சா சிரிக்கவா அழவான்னு தெரியல.

இன்னொண்ணும் சொன்னாரு. வெளுத்தது தெரியாம மேல கருப்பா ஒரு கலர அடிச்சு மறைச்சிருங்கன்னு நீ அவருக்கு மெசேஜ் போட்டிருக்க. அவரு டப்பாவத் தொறந்துட்டாரு. மாஜிதா கதவுல முதுகச் சாச்சு நின்னுக்கிட்டு, அண்ணாச்சி, உள்ள ஈரத்த வச்சு மேல அடிச்சா வருசம் பூரா உரிஞ்சுக்கிட்டே இருக்கும், வெயில் வரட்டும், அவுஹளுக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன்னு சொல்லியிருக்கா. ஒனக்கு பதில் சொன்னாளா? சொல்லல, ஏச்சு வாங்கினா, அவ்வளவுதான். அஞ்சு நா கழிச்சு நல்ல வெயில் அடிச்சுது. ரெண்டு பேரும் கதவோட உள்பக்கம் கீழ் மூலையில மட்டும் தின்னரத் தொட்டுப் பாத்திருக்காங்க, வெள்ளை போயிருச்சு, பொறவு முழுக் கதவுக்கும் போட்டாங்க. இப்ப தேக்கு ரேகை ஒவ்வொண்ணும் எண்ணுத மாதிரி தெளிவா தெரியுது. கதவு சரியானத நீ கேக்கவும் இல்ல, அவ ஒனக்கு போட்டோ அனுப்பவும் இல்ல.

மாடித்தரையப் பத்தியும் சொல்லிருதேன். ஒன் முதலாளி வீட்டுத் தரை போட்டோவ அனுப்பி, இதே காப்பிக்கொட்டை நிறம் வேணும்னு சொன்னல்லா. அவ மரத்துக்குக் கலர் ஏத்துத அந்த ஸ்டெயினத்தான் வாங்கினா. ஆனா நம்மளது பலா. மஞ்ச மரத்துல அந்தக் கலர் ஏறினதும் பாசி பிடிச்ச தொட்டி மாதிரி பச்சையடிச்சுது, தேக்குத் துண்டுல அதே கலர் வேற மாதிரி வந்துச்சு, போன்ல பாத்தா ரெண்டும் இல்லாம இன்னொண்ணு. அவ கெமிஸ்ட்ரி படிச்சவ, லேசுல விடுவாளா. மிச்சப் பலகையில பன்னெண்டு துண்டு அறுத்து, எல்லாத்தையும் ஒரே உப்புத்தாள்ல தேய்ச்சு, ஒவ்வொண்ணுலயும் ஒரு கலர், ஒரு பாலிஷ், பின்னால நம்பர். கொஞ்சத்த மொட்டமாடி வெயில்ல போட்டா, கொஞ்சத்த பாத்திரம் கழுவுத எடத்துல போட்டா. எனக்குப் பிடிச்சது அஞ்சாம் நம்பர், மொகம் தெரியுத மாதிரி பளபளன்னு இருந்துச்சு. சரி மாமி, ஈரக் காலோட ஏறி நில்லுங்கன்னா. நின்னேன், சரக்குன்னு வழுக்கிருச்சு, அவ பிடிக்கலன்னா இந்தக் காயிதத்த நான் ஆஸ்பத்திரியில இருந்துதான் எழுதியிருப்பேன். துண்டுக்குப் பின்னால இருந்த அஞ்சாம் நம்பரக் கோடு போட்டு அடிச்சிட்டா. மினுக்கே இல்லாத மேட் பாலிசத்தான் போட்டிருக்கு. கலர் ஒண்ணும் வேண்டாம், பலா வெளிச்சம் பட்டு தானே கருக்கும்னா. நான் நம்பல. ஒரு துண்டுல பாதிய பேப்பர் சுத்தி இருவது நா வெயில்ல வச்சிட்டுப் பிரிச்சுக் காட்டினா, மூடின பக்கம் மஞ்ச, தொறந்த பக்கம் தேன் நிறம். சரி, அப்படியே போடுன்னுட்டேன். தரைய வந்து பாத்தவங்க எல்லாரும் குனிஞ்சு கையால தடவிப் பாத்துட்டுத்தான் போறாங்க. இது யாரு பாத்துச் செஞ்சதுன்னு கேப்பாங்க, எம் மருமவதான்னு சொல்லுதப்போ எனக்கு இருக்கிற பெருமை, ஒன்ன பிளேன் ஏத்திவிட்ட அன்னைக்குக்கூட இருந்ததில்ல. கோவப்படாத, உள்ளதச் சொல்லுதேன்.

பலவேசம் அந்தத் துண்டுகளக் கேட்டு வாங்கிட்டுப் போயி, வேலைக்குப் போற வீட்டுல எல்லாம் காட்டுதாரு. வாசுதேவநல்லூர்ல வடிவாம்பாள்னு ஒரு அம்மா வீடு கட்டுதாங்க, அவங்க மரத்துக்கு என்ன நிறம், என்ன பாலிஷ்னு வந்து சொல்லணும்னு மாஜிதாவக் கூப்பிட்டாங்க. இவளுக்கு மொகமெல்லாம் பூவாயிருச்சு. ஆனா அவுஹ கிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்னுட்டா. கேப்பான்னு பாத்தேன், ஒரு வாரமா போன எடுக்கா, ஊர்க் கதை பேசுதா, வச்சிருதா. ஒனக்கு எதுக்கு இந்த வேலைன்னு நீ கேட்டது அவ தொண்டையிலயே நிக்குது. இனி கேக்க மாட்டா, அந்த வேலையும் கை நழுவிப் போயிரும், அப்படியே அடுப்படிக்குள்ள அடங்கிருவா. அத நான் பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன். நேத்து நானே வடிவாம்பாளுக்குச் சொல்லி அனுப்பிட்டேன், திங்கக்கெழம வருவா, கூட நானும் வருவேன்னு. மாஜிதா கிட்டயும், ஏட்டி, அன்னைக்கு ஒன்ன ஏசினது என் தப்புன்னு சொல்லிட்டேன். விடுங்க மாமின்னு சொல்லிட்டு அடுப்பப் பாக்கத் திரும்பிக்கிட்டா, தோளு மட்டும் குலுங்குச்சு.

அல்லா ஒனக்கு நீண்ட ஆயுசும் உழைக்குததுல பரக்கத்தும் குடுக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, வெயில்ல தலைய மூடிக்க. லீவுக்கு வரும்போது அங்கனயிருந்து கருப்புக் கலர் டின் கொண்டாறேன்னு சொன்னியே, அதக் கொண்டாராத, இங்கன அதுக்கு எடமில்ல. இதப் படிச்சு முடிச்ச ஒடனே போன் போடு. எடுத்ததும் உம்மாட்ட குடுன்னு சொல்லாத, அவகிட்டயே பேசு, தப்பு என்னுதுன்னு சொல்லு. அவ ஒன்கிட்ட எதையும் எதிர்பார்க்கல. நான் எதிர்பார்க்கேன்.

இப்படிக்கு
ஒன் உம்மா
ஜாஹிரா பீவி