எண்பத்தெட்டும் முப்பத்தெட்டும்

தல்லாகுளம்,
மதுரை-2.
8-1-1984

அன்பு மகன் முத்திருளனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் அழகர் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், அங்கே பிலாய் குளிரில் நீயும் மருமகள் சின்னத்தாயும் இதேபோல் சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறோம். சுகம் என்று எல்லாக் கடிதத்திலும் எழுதிவிடுகிறேன், ஆனால் அந்தச் சொல்லை மனசறிந்து எழுத எனக்கு இப்போதுதான் யோக்கியதை வந்திருக்கிறது, அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. தினமும் சாயங்காலம் வாலிபால் ஆடியும் பேண்ட் இடுப்பில் ஏற மறுக்கிறது என்றும், எந்த விளையாட்டும் ஆடாத சின்னத்தாய் முருங்கைக்காய் மாதிரி இருக்கிறாள் என்றும், உடம்பு மெலிவாக இருக்க விளையாட்டுதான் முக்கியம் என்று நீயும் சாப்பாடுதான் முக்கியம் என்று அவளும் சண்டை என்றும், அப்பாதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். கோர்ட்டுக்குப் பக்கத்திலேயே இருபது வருஷமாகக் குடியிருக்கிறேன், இதுவரை என்னிடம் ஒருவரும் தீர்ப்புக் கேட்டதில்லை. அதிலும் இந்த விஷயத்தில் என் தொப்பையைப் பார்த்த எவனும் கேட்கத் துணியமாட்டான், நீ ஆயிரம் மைல் தள்ளி இருப்பதால் கேட்டுவிட்டாய்.

உனக்கு எழுதாமல் மறைத்த கதை ஒன்று இருக்கிறது, அதைச் சொன்னால்தான் தீர்ப்பு புரியும். போன பங்குனியில் ஆபீஸில் என் நாற்காலி உடைந்தது. கால் உடைந்தது என்றுதான் ஸ்டோருக்கு எழுதிக் கொடுத்தேன், உடைத்தது எது என்று எழுதவில்லை, ஆனாலும் செக்‌ஷன் முழுக்கச் சிரித்தது. அன்றைக்குச் சாயங்காலமே ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய் எடை மிஷினில் ஏறினேன், எண்பத்தாறு என்று அட்டை வந்தது, பின்பக்கம் ‘உங்கள் செல்வாக்கு பெருகும்’ என்று அச்சடித்திருந்தது. எவ்வளவு பெருகியிருக்கிறது என்றுதான் முன்பக்கமே சொல்கிறதே. மறுநாள் என் கூட்டாளி தவசியிடம் காட்டினேன், நம் ரிக்கார்டு ரூம் தவசிதான், உனக்குத் தெரியுமே, அவனும் என் அளவு இல்லாவிட்டாலும் பக்கத்தில் நிற்கக் கூசாத ஆள்தான். அவன், "மாப்ள, நீ அந்தக் காலத்துல சடுகுடுவுல பாடிப் போனா எட்டுப் பேர் பிடிச்சும் நிக்கமாட்டியாம்ல, வெளையாட்ட விட்டதுதான் வினை, வா நாளைக்கே எறங்குவோம்" என்றான். சடுகுடுவில் நான் இரண்டு தடவைதான் பாடிப் போனேன், இரண்டு தடவையும் கோட்டுக்கு அந்தப் பக்கமே அமுக்கிவிட்டார்கள், ஆனால் இந்த முப்பது வருஷமாக ஆபீஸில் நான் சொல்லிவந்த கதை வேறு. அதனால் மறுக்க முடியவில்லை.

காலை ஆறு மணிக்கு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பூப்பந்து ஆட ஆரம்பித்தோம். நான் பந்தைத் தேடி ஓடினேன் என்று சொல்ல மாட்டேன், பந்து என்னைத் தேடி வந்தால் அடித்தேன், பல நேரம் அது என் வயிற்றில் பட்டுத் திரும்பிப் போய் எதிரிக்குப் பாயிண்ட் ஆனது. ஆனால் வேர்த்தது உண்மை. வேர்த்ததும் தவசி, "இம்புட்டுத் தண்ணி ஒடம்புல இருந்து போயிருக்கு, திருப்பி ஊத்தணும்ல மாப்ள" என்று மெஸ்ஸுக்குக் கூட்டிப்போவான், ஆளுக்கு ஆறு இட்லி, ஒரு வடை, கொஞ்சம் பொங்கல். விளையாடுகிற உடம்பு அல்லவா, மத்தியானமும் ஒரு கை கூடுதலாகவே இறங்கியது, ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறியை நானே அதிகம் வாங்கி வந்தேன், சாயங்காலம் சூட்டைத் தணிக்க ஒரு ஜிகர்தண்டா. மூன்று மாதம் ஒரு நாள் தப்பாமல் ஆடிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் மிஷினில் ஏறினேன், எண்பத்தெட்டு. பின்பக்கம் ‘உங்கள் முயற்சி வீண் போகாது’ என்று இருந்தது.

அப்போதுதான் தவசி கட்சி மாறினான். "வெளையாட்டுல ஒண்ணும் இல்ல மாப்ள, சாப்பாடுதான்யா எல்லாம், எந்தங்கச்சி ரெங்கம்மாளப் பாரு, எந்தப் பந்த அடிச்சுச்சு, கல்யாணத்தன்னைக்கு இருந்த மாதிரியே இருக்குல்ல" என்று உன் அம்மாவை உதாரணம் காட்டினான். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. என் உடம்பைப் பற்றிப் பெருமைப்பட எதுவும் இல்லை, என் பெண்டாட்டி உடம்பைப் பற்றியாவது பெருமைப்படலாம் இல்லையா. கீழக்குயில்குடியில் நம் விருமாண்டி மகள் கல்யாணத்துக்குப் போனபோது, பந்தியில் உட்கார்ந்துகொண்டு, எங்க வீட்டம்மா இருபத்தாறு வருஷமாக ஒரு கிலோ கூடவில்லை, கட்டுப்பாடு என்றால் அதுதான், நீங்களெல்லாம் கற்றுக்கொள்ளுங்கள் என்று பொம்பளைகளுக்குப் பிரசங்கம் செய்தேன். பிரசங்கத்துக்கு நடுவில் மூன்று முறை பாயசம் வாங்கிக்கொண்டேன். உன் அம்மா தூரத்தில் நின்று யாருக்கோ தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள், கேட்டாளா என்று தெரியவில்லை.

ஆடி அமாவாசை கழிந்து இரண்டு நாளில் நானும் அம்மாவும், தவசியும் அவன் சம்சாரம் ஒச்சாயியும் அழகர்கோவிலுக்குப் போனோம். சாமி கும்பிட்டுவிட்டு, மேலே ராக்காயி அம்மன் தீர்த்தம் வரைக்கும் நடந்தே ஏறுவது என்று முடிவு. நான் பூப்பந்து வீரன் என்கிற திமிரில் முதலில் ஏறினேன், முதல் வளைவிலேயே கடைசி ஆளாகிவிட்டேன். கல் கண்ட இடமெல்லாம் உட்கார்ந்தேன், குரங்குகள்கூட என்னைப் பார்த்துவிட்டு, இவனிடம் பிடுங்க எதுவுமில்லை என்று போய்விட்டன, ஏனென்றால் தூக்குச்சட்டி அம்மா கையில் இருந்தது. அவள் முன்னால் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தாள். இன்றைக்கு இந்த மலையில் ஒருவன் விழப்போகிறான், அது நான்தான், பேப்பரில் வருமோ வராதோ என்று நினைத்துக்கொண்டே தலையைத் தூக்கினேன். விழுந்தது அவள். நின்ற இடத்திலேயே, யாரோ கயிற்றை அறுத்துவிட்ட மாதிரி மடங்கி விழுந்தாள்.

எப்படி ஓடினேன் என்று எனக்குத் தெரியாது. மூன்று மாதம் மைதானத்தில் ஓடாத ஓட்டம் அது. தவசி தண்ணீர் தெளித்தான், நான் அவளைத் தூக்கினேன். முத்திருளா, உன்னை ஆறு வயசில் தோளில் வைத்துக்கொண்டு சித்திரைத் திருவிழா பார்த்திருக்கிறேன், அன்றைக்கு நீ இருந்ததைவிடக் கொஞ்சம்தான் கூட இருந்தாள். இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவளின் எடை எனக்கு அந்த மலையில்தான் தெரிந்தது. கண் திறந்ததும், "தூக்குச்சட்டி கவுந்துருச்சா" என்று கேட்டாள். ஒச்சாயி அவள் கன்னத்தைப் பிடித்து, "அது கெடக்கட்டும், காலையில இருந்து என்னத்த தின்ன, சொல்லு" என்று அதட்டினாள். "காப்பி குடிச்சேன்" என்றாள். தூக்குச்சட்டியில் எனக்காக ஒரு படி அரிசிப் புளிச்சோறு இருந்தது.

கீழே வந்து, பஸ் பிடித்து, நம் தெருக்கோடியில் இருக்கிற லேடி டாக்டரிடம் போனோம். அந்த அம்மா கண் இமையை இழுத்துப் பார்த்தார், நானும் எட்டிப் பார்த்தேன், உள்ளே சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. ரத்தமே இல்லையேம்மா, வீட்டில் என்ன சாப்பிடுவீங்க என்று டாக்டர் கேட்டதற்கு உன் அம்மா, "எல்லாரும் சாப்பிட்டுட்டு மிஞ்சுனதச் சாப்புடுவேன்" என்றாள். டாக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நேராக என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "மிஞ்சுமா?" என்று கேட்டார். உன் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நானும் குனிந்தேன், எனக்குத் தெரிந்தது தொப்பைதான். அதற்குப் பிறகு இருவரையும் எடை பார்த்தார்கள், நான் எண்பத்தெட்டு, அவள் முப்பத்தெட்டு. கூட்டி இரண்டால் வகுத்தால் அறுபத்து மூன்று, சராசரியாக இந்தக் குடும்பம் ஆரோக்கியமாக உள்ளது என்று ஆபீஸில் ஒரு நோட் போட்டு ஃபைலை மூடிவிடலாம். டாக்டர் மூடவில்லை. எனக்குச் சர்க்கரை வாசற்படியில் நிற்கிறது என்றார், அம்மாவுக்கு ரத்தத்துக்கு மாத்திரை எழுதினார், எழுதிவிட்டு, "மாத்திரை இருக்கட்டும் ஐயா, உங்க தட்டுல இருக்கறதுல பாதிய இவங்க தட்டுக்கு மாத்துங்க, ரெண்டு பேருக்கும் அதுதான் வைத்தியம்" என்றார். இதையெல்லாம் உனக்கு அப்போதே எழுதாததற்குக் காரணம் நீ பயப்படுவாய் என்று நீ நினைத்துக்கொள்ளலாம். காரணம் வெட்கம்தான்.

மறுநாள் இரண்டு தட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். உன் அம்மா உட்காரவே மாட்டேன் என்றாள், "கூச்சமா இருக்குங்க, நீங்க எந்திரிங்க, நான் பெறகு சாப்புட்டுக்கிறேன்" என்றாள், கையைப் பிடித்து உட்காரவைத்த பிறகும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டுதான் சாப்பிட்டாள். நான் பரிமாறினேன். வழக்கமாக என் தட்டில் விழுவதைப் பாதிப் பாதியாகப் போட்டதும் சட்டியில் கொஞ்சம்தான் இருந்தது, இத்தனை வருஷம் அவளுக்கு எது மிஞ்சியது என்று அந்தச் சட்டி எனக்குக் காட்டியது. ஆனால் உன் அப்பனின் ஞானம் எத்தனை நாளைக்கு? நாலாவது நாள் பசி தாங்காமல் தவசியோடு பரோட்டாக் கடைக்குப் போய்விட்டேன், வாயைக் கொப்பளித்து வெற்றிலை போட்டுக்கொண்டு ரிஷி மாதிரி வீட்டுக்கு வந்தேன். அவள் சட்டையை மோந்து பார்த்துவிட்டு, "ஆபீசுல ஃபைலுக்குச் சால்னா ஊத்துனாகளாக்கும்?" என்றாள். அதோடு பரோட்டாவை விட்டேன், முழுதாக இல்லை, மாதம் ஒரு முறை, அதுவும் அவளையும் கூட்டிக்கொண்டு. கறிக்கடையில் ரத்தம் ஊறட்டும் என்று அவளுக்கு ஆட்டுச் சுவரொட்டி, அதுதான் மண்ணீரல், சொல்லிவைத்து வாங்குகிறேன், வறுத்துக் கொடுப்பதும் நானே, முதல் இரண்டு தடவை கரிக்கட்டையாக இருந்தது, அவள் குறை சொல்லாமல் தின்றாள்.

இரண்டு மாதம் கழித்து டாக்டர், அம்மாவை மெதுவாக நடக்கச் சொன்னார், அதனால் மைதானத்துக்கு என்னோடு வர ஆரம்பித்தாள். கோட்டோரம் நின்று எங்களுக்குப் பாயிண்ட் எண்ணினாள், என் பந்து வெளியே விழுந்தால் புருஷன் என்றுகூடப் பார்க்காமல் அவுட் என்று சத்தமாகச் சொல்வாள். அங்கே ஒச்சாயியும் குவார்ட்டர்ஸ் பொம்பளைகளும் ரப்பர் வளையம் போட்டு ஆடுவார்கள். கார்த்திகையில் ஒருநாள் ஆள் குறைகிறது என்று இவளைக் கூப்பிட்டார்கள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள். முதல் நாள் நாலு வளையத்தைக் கீழே விட்டாள், பத்து நாளில் அவள் போட்ட வளையத்தை யாராலும் பிடிக்க முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு ஆடவைத்து இருபத்தொன்றுக்கு ஒன்பது என்று தோற்கடித்தாள், அந்த ஒன்பதிலும் மூன்று அவள் விட்டுக்கொடுத்தது என்று ஒச்சாயி சொல்கிறாள். இப்போது நான் எண்பது, அவள் நாற்பத்து நான்கு. டாக்டர் இமையை இழுத்துப் பார்த்துச் சிரித்தார்.

ஆக நீ கேட்ட தீர்ப்பு இதுதான். சாப்பாட்டுக்கே முதலிடம், மூன்று மாதம் ஓடி ஆடியதை மெஸ்காரன் இலையில் திருப்பிக் கொடுத்துவிட்டான், அதனால் நீ ஜெயிக்கவில்லை. சின்னத்தாயும் ஜெயிக்கவில்லை, ஏனென்றால் ஒல்லியாக இருப்பதற்கே பரிசு கொடுத்த முட்டாள் நான், அந்தப் பரிசை இனி யாருக்கும் கொடுக்க மாட்டேன். விளையாட்டை விட்டுவிடாதே, அது இல்லாவிட்டால் உன் அம்மா இப்படிச் சிரிப்பாள் என்றே எனக்குத் தெரிந்திருக்காது. ஆனால் உன் கடிதத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். மருமகள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய், அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று ஒரு வரி இல்லை. உனக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இன்றைக்கே கேள், அவள் காப்பி என்று சொன்னால் அதோடு விடாதே, டாக்டரிடம் கூட்டிப்போய் இமையைப் பார்க்கச் சொல்.

பொங்கலுக்கு உங்களுக்குக் கருப்பட்டியும் எள்ளும் பார்சல் போட்டிருக்கிறோம், வந்ததும் எழுது, எள்ளு உருண்டை பிடித்தால் முதல் உருண்டை சின்னத்தாய்க்கு. காதுக்குக் கம்பளி கட்டிக்கொண்டு போ. நீங்கள் இருவரும் குறைவில்லாமல் நெடுங்காலம் வாழ வேண்டும் என்று இரண்டு பேரும் கை உயர்த்தி வாழ்த்துகிறோம். இன்னும் எழுத நிறைய இருக்கிறது, ஆனால் அம்மா தட்டுப் போட்டுவிட்டாள். இரண்டு தடவை கூப்பிட்டாள், மூன்றாவது தடவை, "நீங்க எழுதிக்கிட்டே இருங்க, எனக்குப் பசிக்குது, நான் சாப்புட ஆரம்பிச்சிட்டேன்" என்கிறாள். நிஜமாகவே ஆரம்பித்துவிட்டாள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
மொ. நல்லகாமன்