பர்னஸ் வாய்க்கு அடுத்த ஆள்

2006 மே, வியாழன் இரவு

மீஞ்சூர் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். "உயிரணு இருக்குது, ஓட்டந்தான் இல்ல. சூட்டுல வேலையா?" கம்பெனியில் இரும்பு உருக்கும் பர்னஸ் வாயில் நிற்கிறேன் என்றேன். "மொதல்ல அங்கேர்ந்து மாறுங்க."

கல்யாணம் நிச்சயமானவனைத்தான் அங்கே போடுவார்கள். சம்பளத்துக்கு மேல் படி அதிகம். அங்கே நிற்கும் யாருக்கும் இன்னும் பிள்ளை இல்லை. பெண்டாட்டிகளைத்தான் கோயில் கோயிலாக அனுப்பினோம்.

சாயங்காலம் ஃபோர்மேனிடம் இடம் மாற்றித் தரக் கேட்டேன். உடனே தலையாட்டினார். "ஒன் தம்பிக்குக் கண்ணாலம் வச்சிகினுகீற இல்ல? அவன அங்க போட்டுர்றேன், நைனா."

வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

தம்பி ஒரே சந்தோஷமாக வந்து என் தோல் கையுறையைக் கேட்டான். என் பெண்டாட்டியே எடுத்துக் கொடுத்தாள். போட்டுப் பார்த்தான். சரியாக இருந்தது.