ஓரக்கோட்டைப் பார்க்கும் பதினொரு தலைகள்

நவம்பர் 18, திங்கள்

காலையில் கார் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது ப்ரூனர் கூப்பிட்டார். "லீ, வந்ததும் முதல்ல என்னைப் பாரு." தலைமைக் கோச் அப்படிக் கூப்பிட்டால் யாருக்கும் நல்ல செய்தி இருக்காது.

சனிக்கிழமை அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் வேரிங் கல்லூரியிடம் தோற்றோம். சீசன் முடிந்தது. எதிரணியைத் தடுக்கும் எங்கள் டிஃபென்ஸ் உயிரைக் கொடுத்து ஆடியது. பந்து நம் கையில் இருக்கும்போது முன்னேற வேண்டிய ஆஃபென்ஸ் – என்னுடைய ஆஃபென்ஸ் – முதல் கால்மணி நேரத்துக்குப் பிறகு நகரவே இல்லை.

ப்ரூனர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "உன் ஆஃபென்ஸைப் பார்த்தா கண்ணுல ரத்தம் வருதுப்பா. ஏப்ரல்ல நமக்குள்ள ஆடற வசந்த ஆட்டம் வரைக்கும் டைம். அதுல மாற்றம் தெரியலேன்னா வேற ஆளைப் பார்க்கணும். மேலே இருந்து என்னையும் நெருக்கறாங்க."

வேற ஆள். அப்படியென்றால் வேறு ஊர், வேறு வீடு. மகள் மேவ் பதினோராவது படிக்கிறாள். இது அவளுக்கு ஐந்தாவது பள்ளி. இங்கே வரும்போது அவள் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. "பள்ளிக்கூடத்த இங்கேயே முடிச்சிடலாம், சத்தியம்" என்று சொன்னது நான்தான். எந்த வாயால சொன்னேன்?

நவம்பர் 20

மனைவி ஜோலீனிடம் இன்னும் சொல்லவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்றேன்.

நவம்பர் 28, வியாழன்

நன்றி நாள். வான்கோழி, பூசணி இனிப்பு, மாமனார், எல்லாம் முடிந்தது. பாத்திரம் கழுவும்போது ஜோலீனிடம் சொல்லிவிட்டேன். அவள் தட்டைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

"எப்ப சொல்லப் போறேன்னு பார்த்துக்கிட்டிருந்தேன். ப்ரூனர் பொண்டாட்டி சர்ச்ல எனக்கு ரெண்டு தடவை கேக் குடுத்துட்டா. வேலை போகப் போற வீட்டுக்குத்தான் அவ கேக் குடுப்பா."

"நீ அதைத் தின்னியா?"

"பின்ன? கேக் என்ன பாவம் பண்ணிச்சு?"

சிரித்தோம். பிறகு அவள், "மேவ் கிட்ட இப்ப சொல்லாத" என்றாள். அதற்குமேல் எங்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

டிசம்பர் 9

நாள் முழுக்க வீடியோ. எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: இன்னும் நிறைய ஆட்டத் திட்டங்கள். புதிதாக ஒரு கட்டு வரைந்து கோல்பியிடம் நீட்டினேன். கோல்பி எங்கள் குவாட்டர்பேக். பந்தை வாங்கி, கொடுப்பதா எறிவதா என்று நொடியில் முடிவு செய்ய வேண்டியவன். கட்டின் கனத்தைக் கையில் பார்த்துவிட்டு, "கோச், இருக்கறதே மண்டையில நிக்கல" என்றான்.

"மண்டையை வச்சுக்கிட்டு வேற என்னடா பண்ற?" என்று எரிந்து விழுந்தேன். அவன் போன பிறகு சங்கடமாக இருந்தது. இந்தப் பையனும் வேறு கல்லூரிக்குப் போகிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டால்? இப்போதெல்லாம் குளிர்காலத்தில் ஒரு தடவை, வசந்தத்தில் ஒரு தடவை கதவைத் திறந்து வைத்துவிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் போகலாம்.

ஜனவரி 13

கோச்சுகள் மாநாடு. ஓட்டல் கூடம் முழுக்க வேலை தேடுகிறவன், வேலை போனவன், போகப்போவது தெரியாமல் சிரிக்கிறவன். நான் எந்த வகை? தெரிந்தும் சிரிக்கிற வகை.

சாப்பிடுகிற இடத்தில் ஹாலிஸ் பெக் பிடித்துக்கொண்டான். வேரிங்கின் டிஃபென்ஸ் கோச். மூன்று வருஷமாக எங்களைக் கட்டிப்போட்டவன். டெக்சஸில் வேலை கிடைத்துவிட்டதாம், வாயெல்லாம் பல்.

"லீ, இனிமே உனக்கு எதிரா நான் ஆடப்போறதில்ல. ஒண்ணு சொல்லட்டா? கோவிச்சுக்காத."

"பீர் வாங்கிக் குடுத்துட்டுச் சொல்லு."

வாங்கிக் கொடுத்தான். பிறகு மேசையில் இருந்த உப்பு, மிளகுக் குப்பிகளை இரண்டு வரிசையாக அடுக்கினான். நாங்கள் எல்லோரும் செய்வதுதான், உப்புக் குப்பி இல்லாமல் எந்தக் கோச்சுக்கும் பேச வராது.

"இது உன் பசங்க. வரிசையில நிக்கறாங்க. அப்புறம் என்ன பண்றாங்க? பதினொரு பேரும் தலையைத் திருப்பி ஓரக்கோட்டுல நிக்கற உன்னைப் பார்க்கறாங்க. நீ எங்க ஆளுங்க நிக்கற இடத்தைப் பார்த்து ஆட்டத்த மாத்தற. கையை ஆட்டற, படம் போட்ட பலகைய தூக்கற. சரியா?"

"எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

"பண்றாங்க. ஆனா நாங்க அதுவரைக்கும் பொய்யான இடத்துலதான் நிப்போம். உன் பசங்க தலை இந்தப் பக்கம் திரும்பும்போது –" மிளகுக் குப்பிகளை நகர்த்தினான் "– நிஜமான இடத்துக்குப் போயிடுவோம். நீ மறுபடி மாத்த நேரம் இருக்காது. அவனுங்களுக்கு உன்னைப் பார்க்கத்தான் தெரியும், எங்களைப் பார்க்கத் தெரியாது. முதல் கால்மணி நேரம் நீ எழுதி வச்சு ஆடற, அதனால தப்பிக்கற. அதுக்கப்புறம் நாங்க என்ன சொல்றமோ அதைத்தான் நீ ஆடற!"

மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஜனவரி 14

விமான நிலையத்தில் மடிக்கணினியைத் திறந்து பார்த்தேன். அந்தப் பாவி சொன்னது நிஜம். தலைகள் என் பக்கம் திரும்பும். திரும்பி வரும். அதற்குள் எதிரே வேறு ஆட்டம். இத்தனை வீடியோ பார்த்தேனே, என் கண் ஏன் இதைப் பார்க்கவில்லை? ஒவ்வொரு தடவையும் என் பையன்களின் கால்களையே பார்த்திருக்கிறேன்.

ஜனவரி 20

ப்ரூனரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஓரக்கோட்டைப் பார்ப்பது நிற்க வேண்டும், கோல்பியே எதிரணியைப் பார்த்து ஆட்டத்தை மாற்ற வேண்டும், திட்டங்களைப் பாதிக்குமேல் குறைக்க வேண்டும்.

அவர் காபியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கோல்பி மாத்தறான்னா, அப்ப உனக்கு எதுக்குச் சம்பளம்?"

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதே கேள்விதான். என் வேலையைக் காப்பாற்ற என் வேலையைத்தான் ஒரு பையனிடம் கொடுக்க வேண்டுமா? நல்ல கூத்து.

பிப்ரவரி 11

திட்டங்களை வெட்டினேன். சிலவற்றைத் தூக்கிப்போடும்போது பல் பிடுங்குவது மாதிரி இருந்தது. கோல்பி பயந்துவிட்டான். "நான் தப்பா மாத்திட்டா, கோச்?"

"தப்பானாலும் பதினொரு பேரும் சேர்ந்து அதே தப்பைப் பண்ணுங்க. அது போதும்."

பெரிய வீரன் மாதிரிச் சொல்லிவிட்டேன். உள்ளே உதறல் எனக்குத்தான்.

மார்ச் 18

முதல் பயிற்சி. கண்றாவி. கோல்பி பழக்கதோஷத்தில் என்னைப் பார்க்கிறான். என் கை தானாக மேலே போகிறது. மைதானத்தில் பாதிப் பேர் ஒரு ஆட்டம், பாதிப் பேர் வேறு ஆட்டம். இரண்டாவது குவாட்டர்பேக் ரூபன், எதையும் சொல்லிவிடுகிற ஆள், பெஞ்சிலிருந்து கத்தினான்: "கோச், டவுன்ல டிராபிக் போலீஸ் வேலை காலியா இருக்காம்!"

எல்லோரும் சிரித்தார்கள். கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன். பயிற்சி முடியும்வரை எடுக்கவில்லை.

மார்ச் 29

பரவாயில்லை. இல்லை, பரவாயில்லை என்று எழுதப் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 12, சனி

வசந்த ஆட்டம். எங்கள் ஆஃபென்ஸுக்கு எதிரே எங்கள் டிஃபென்ஸ். காற்று எலும்பு வரை போனது. கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்த ஊர்க்காரர்களுக்கு நடுவே ஜோலீனும் மேவும். மேவுக்கு இன்னும் விஷயம் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். காலையில் அவளாகவே கேட்டாள்: "அப்பா, இன்னைக்கு நல்லா போகலேன்னா நாம போயிடணுமா?" யார் சொன்னார்கள் என்று கேட்கவில்லை. சின்ன ஊர்.

"தெரியலம்மா" என்றேன். பொய் சொல்ல முடியவில்லை.

இரண்டாம் பாதியில் நான் பயந்த இடம் வந்தது. மூன்றாவது முயற்சி, பந்தைத் தக்கவைக்க எட்டு கெஜம் தேவை. டிஃபென்ஸ் நெருக்கி நின்றது. கோல்பி ஆட்டத்தை மாற்றிக் கத்தினான். உடனே அவர்கள் பின்வாங்கினார்கள், பெக்கின் அதே தந்திரம். நான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். போச்சு என்று நினைத்தேன். கோல்பி என் பக்கம் திரும்பவே இல்லை. மறுபடி மாற்றினான். பந்து நடுவில் போனது, பிடித்தவனை யாரும் தொடவில்லை. டச்டவுன், ஆறு புள்ளி.

கத்தினேன். ஏதோ கெட்ட வார்த்தைகூட வந்துவிட்டது, பாதிரியார் மூன்றாவது வரிசையில் இருந்தார்.

ப்ரூனர் என் தோளில் தட்டி, "சரி" என்றார். அவ்வளவுதான். அந்த "சரி"யை வீட்டுக்கு எடுத்துவந்து மூன்று பேரும் பங்கு போட்டுக்கொண்டோம்.

ஏப்ரல் 23

கோல்பி போகிறான்.

வசந்தக் கதவு திறந்த சில நாளிலேயே பெயர் கொடுத்துவிட்டான். ஒரு பெரிய கல்லூரி. ஆபீஸ் வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "அந்த ஆட்டத்தோட வீடியோவைப் பார்த்தாங்களாம், கோச். தானா மாத்தத் தெரிஞ்சவன் வேணும்னு சொன்னாங்க. எங்கம்மா இதுக்காகத்தான் –"

திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "நல்லா ஆடுடா" என்றுதான் வந்தது. கதவைச் சாத்திய பிறகு குப்பைக்கூடையை ஒரு உதை உதைத்தேன்.

ப்ரூனர் பொரிந்தார். "நீ அவனுக்கு மூளையைக் குடுத்த. அவன் அதைத் தூக்கிட்டுப் போயிட்டான்!" பிறகு, "செப்டம்பர்ல முதல் ஆட்டம் வரைக்கும் டைம். அதுக்கப்புறம் உனக்காக நான் யாருக்கும் பதில் சொல்ல மாட்டேன்."

மறுபடியும் அதே கயிற்றில் தொங்குகிறேன்.

மே 6

மிச்சம் இருப்பது ரூபன். கோல்பி எறிந்தால் பந்து பாயும். ரூபன் எறிந்தால் போகலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்துப் போகிறது.

இன்று ப்ரூனரே இறங்கிவந்தார். "இவனால முடியாதுப்பா. பழையபடி பலகையை எடு. எல்லாத்தையும் நீயே கூப்பிடு."

வேலையைத் திரும்பக் கையில் வைத்துக் கொடுக்கிறார். ஆமாம் என்றால் போதும். அடுத்த சீசன் தோற்றாலும் "நீங்கதானே சொன்னீங்க" என்று சொல்லிக்கொள்ளலாம். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன்.

ரூபன் வெளியே காத்திருந்தான். காதில் விழுந்திருக்கிறது. வழக்கமான கிண்டல் ஒன்றும் இல்லை முகத்தில். "கோச், கோல்பிக்குக் குடுத்ததை எனக்கும் குடுங்க. என் கைதான் சுமார். கண்ணு நல்லாத்தான் இருக்கு."

திரும்ப உள்ளே போய் ப்ரூனரிடம் முடியாது என்றேன். ஜோலீனிடம் சொன்னபோது, "மேவ் கிட்ட நீயே சொல்லு" என்றாள்.

சொன்னேன். மேவ் தோளைக் குலுக்கிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். கத்தியிருக்கலாம்.

ஜூலை 30

ரூபன் கோடை முழுக்க வேலைக்குப் போய்விட்டு நேரே இங்கே வருகிறான். வீடியோவில் எதிரணி நிற்பதைப் பார்த்ததும் என்ன செய்யப் போகிறார்கள் என்று சொல்லிவிடுகிறான். சில சமயம் எனக்கு முன்னால்.

செப்டம்பர் 6, சனி

முதல் ஆட்டம். சொந்த மைதானம். முதல் மூன்று தடவையும் பந்து நகரவில்லை. ஹெட்போனில் ப்ரூனர்: "லீ, பலகையை எடு." கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன். "லீ! காது கேக்குதா?"

"இன்னும் ஒரு தடவை, கோச்."

"உன் தலையெழுத்து."

ரூபன் மைதானத்திலிருந்து ஒருமுறை என்னைப் பார்த்தான். எனக்குத் தெரிந்தது, எதிரே ஒரு ஆள் நகர்கிறான், ஓட்டம் வலப்பக்கம் போகக்கூடாது. கை பாக்கெட்டுக்குள் துடித்தது. தலையை மட்டும் ஆட்டினேன், நீயே பார் என்று. அவன் திரும்பி, நின்று, பார்த்து, இடப்பக்கம் மாற்றினான். பன்னிரண்டு கெஜம். அடுத்தது ஒரு சின்ன எறிதல். அதற்கடுத்தது இன்னொன்று. அந்தச் சோம்பேறிப் பந்து போய்ச் சேரும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் எதிரி இல்லை. அவர்கள் நகர்வதற்குள் அவன் பார்த்துவிடுகிறான்.

முப்பத்துநான்கு புள்ளிகள் எடுத்தோம். தோற்றோம்! 38–34. எங்கள் டிஃபென்ஸ் சல்லடையாகிவிட்டது. தோற்ற ஆட்டத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு கைகுலுக்கப் போன ஒரே கோச் நானாகத்தான் இருக்கும். ப்ரூனர் என்னைக் கடந்து போகும்போது, "முப்பத்துநாலு" என்றார், யாரோ திருடிவிட்ட மாதிரி. பிறகு டிஃபென்ஸ் கோச்சைத் தேடிப் போனார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

ப்ரூனர் கூப்பிட்டார். வருகிற வருஷமும் நான்தான், வியாழக்கிழமை வந்து கையெழுத்துப் போடச் சொன்னார். "பலகையை என்ன பண்றது?" என்று கேட்டேன். "எரிச்சுக் குளிர் காய்" என்றார்.

ஜோலீன் போனைக் கையிலிருந்து பிடுங்கி வைத்துவிட்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும்தான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மாலையில் மேவ் பள்ளியிலிருந்து ஒரு வண்ணப்படத் தாளோடு வந்தாள். கடைசி வருஷத்துப் பிள்ளைகள் வாங்கும் மோதிரம். கல்லின் நிறம், பள்ளியின் பெயர், வருஷம். இவள் வகுப்பில் எல்லோரும் போன வசந்தத்திலேயே வாங்கிவிட்டார்களாம், இவள் மட்டும் வேண்டாம் என்றிருக்கிறாள்.

சமையல் மேடையில் தாளை விரித்து, என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "பள்ளிக்கூடத்துப் பேரைப் பொறிச்சிட்டா அப்புறம் திருப்பித் தர முடியாதாம்ப்பா. என்ன பண்ணட்டும்?"

"பொறிக்கச் சொல்லு" என்றேன்.