அப்பா அனுப்பிய ஜாதகம்

மாட்டுங்கா

சிரஞ்சீவி கௌசிக்குக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. நீயும் டொரண்டோ குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பா அனுப்பிய ஜாதகத்தைத் திறக்காதே என்று மட்டும் போனில் சொல்லி வைத்துவிட்டேன், இந்த ஒரு ரூமும் ஹாலும் உள்ள வீட்டில் அதற்கு மேல் பேசினால் இரண்டு பேர் காதிலும் விழும், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் தங்கை சுஷ்மாவுக்கு வரன் பார்ப்பது உனக்குத் தெரியும். ஜாதகம் என்றால் முன்பின் தெரியாதவர்களிடமிருந்துதானே வரும், யார் எவர் என்று துருவினால் தலைக்கனம் என்பார்கள். அப்படித்தான் செம்பூரிலிருந்து யாரோ, பையன் ஜாதகம் இணைத்திருக்கிறோம் என்று எழுதிய மாதிரி ஒரு மெயில் வந்தது. அப்பா போனில் அது திறக்கவில்லை, பேசாமல் விட்டிருக்கலாம், உன் அப்பாவாவது விடுவதாவது, உனக்கு ஒன்று, ஐரோலியில் சுஷ்மாவின் ஆபீஸ் மெயிலுக்கு ஒன்று என்று தள்ளிவிட்டார். அப்பா அனுப்பியதுதானே என்று அவளும் ஆபீஸ் லேப்டாப்பில் திறந்திருக்கிறாள். ஜாதகமும் இல்லை ஒன்றும் இல்லை, கொஞ்ச நேரத்தில் அவள் பெயரில் ஆபீஸ் முழுக்க அதே மெயில் போக ஆரம்பித்துவிட்டது. பக்கத்து சீட் மெஹக், நெட்டை நிறுத்து, எதையும் அழிக்காதே, உடனே செக்யூரிட்டி டீமுக்கு ரிப்போர்ட் பண்ணு என்றாளாம். இவளும் பண்ணினாள், ஆனால் யாரோ தெரியாதவர் அனுப்பியது என்று எழுதி அப்பா பெயரை விட்டுவிட்டாள். லேப்டாப்பை வாங்கி வைத்துக்கொண்டு, கூப்பிடும்வரை வீட்டில் இரு என்று அனுப்பிவிட்டார்கள். வேலை இன்னும் கன்ஃபர்ம் ஆகவில்லை, இதனால் போனாலும் போய்விடும்.

அன்றிலிருந்து ரூமில் அவள், ஹாலில் அப்பா, நடுவில் நான். லேப்டாப்பைப் பார்த்தால் யார் அனுப்பியது என்று தெரியாதா, மறைத்ததும் சேர்ந்துகொள்ளாதா என்று அவளைக் கேட்டேன். தெரியும்மா, ஆனா அப்பா பேரை நானே எப்படி எழுதுவேன் என்று அழுகிறாள். இப்போது எழுதினாலும் முதலில் பொய் சொன்னவள், எழுதாவிட்டாலும் பொய் சொன்னவள். கிங்ஸ் சர்க்கிளில் காய் வாங்கப் போனால் கோகிலவாணி மாமி வரன் ஏதாவது அமைஞ்சுதா என்கிறாள், சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். கடைசியில் நேற்று அப்பாவே கதவைத் தட்டி, என் பேரை இனிஷியலோட எழுதுடி, நான் பண்ணின காரியம் என்று சொல்லி, அவள் அனுப்பும்வரை பக்கத்திலேயே நின்றார். பதில் இன்னும் வரவில்லை. போன் அடித்தால் ஒருவரும் எடுப்பதில்லை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம்.

நீ தீர்க்காயுசாக இரு, உத்தியோகத்தில் ஒரு குறையும் வராமல் இரு. எதிர்பாராமல் இணைப்போடு எது வந்தாலும் திறக்காதே, இன்னொருவருக்குத் தள்ளாதே, தப்பித் திறந்துவிட்டால் ஒளிக்காமல் உடனே ஆபீஸில் முழுசாகச் சொல்லிவிடு. அப்பாவும் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். என் பேர்ல எது வந்தாலும் முதல்ல சந்தேகப்படுடா என்று. அவர் சொன்னபடியே எழுதிவிட்டேன், அவர் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

உன் அம்மா,
விசாலாக்ஷி