அறுபதாம் நாளுக்குப் பிறகு

மில்லிக்கன்
மார்ச் 3, 2025

அன்புள்ள ஜெயமலர் ரீச்சருக்கு,

நீங்கள் இரவல் தந்த மூன்று புத்தகங்களையும் வாசித்து முடித்துவிட்டேன். போன் அடித்தால் நீங்கள் எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம்.

உங்கள் புது வீட்டின் பேஸ்மென்ற் வேலையை அப்பா நவம்பர் 20 இல் முடித்தார். மிச்சக் காசை உங்கள் கணவர் பொன்னம்பலம் அங்கிள் இன்னும் தரவில்லை. வேலை செய்தவர் அறுபது நாளுக்குள் அந்த வீட்டின்மேல் லீன் என்ற கடன் பிடியைப் பதியலாம். பதிந்தால், காசைத் தீர்க்காமல் வீட்டை விற்பது கஷ்டம். அம்மா பதியச் சொன்னா. அப்பா கேட்கவில்லை. "பால் காய்ச்ச முதல் ஒரு வீட்டிலை கேஸ் கடதாசி போடுறதே? ரீச்சரின்ர முகத்திலை எப்பிடி முழிக்கிறது? குடிபூரல் முடியட்டும்" என்றார்.

அறுபதாம் நாள் ஜனவரி 19. குடிபூரல் ஜனவரி 26.

கூடவேலை செய்தவர்களுக்குக் கூலி கொடுக்க அப்பா சாமான் ஏற்றும் வானை விற்றுவிட்டார். காலையில் வேலை உடுப்புப் போட்டுக்கொண்டு குசினியில் சும்மா இருக்கிறார். பொன்னம்பலம் அங்கிளோடு ஒருதடவை கதைப்பீர்களா?

உங்கள் மாணவி,
அட்சயா அருள்நாயகம்

ரூஜ்
மார்ச் 17

அன்பு மகள் அட்சயா,

உன் கடிதத்தைக் கார் கராஜில் இருந்து வாசித்தேன். அங்கிளோடு கதைத்தேன். "லீன் செத்துப்போச்சு. இனி என்ன செய்யிறார் எண்டு பாப்பம்" என்கிறார். காசு கேட்டால், பேஸ்மென்றில் தண்ணீர் கசிகிறது என்று சொல்லப்போகிறாராம். ஒரு சொட்டும் கசியவில்லை, பிள்ளை. அப்பாவின் வேலை அவ்வளவு சுத்தம்.

குடிபூரலுக்கு ஐயர் முதலில் கார்த்திகையில்தான் நாள் வைத்தவர். லோயரிடம் போய் வந்த பிறகு அங்கிள்தான் தைக்கு மாற்றினார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

நீ படி. புத்தகங்கள் உன்னிடமே இருக்கட்டும்.

அன்புடன்,
ஜெயமலர் ரீச்சர்

மில்லிக்கன்
ஏப்ரல் 2

அன்புள்ள ரீச்சருக்கு,

லீன் போனாலும் கடன் போகாது என்று நூலகத்தில் வாசித்தேன். அம்மாவும் நானும் சின்ன வழக்குகள் பார்க்கும் வேரோனிக்கா என்ற பாராலீகலிடம் போனோம். ஒப்பந்தத்தை மீறியதற்காக சின்னத் தொகைகளுக்கான ஸ்மோல் கிளெயிம்ஸ் கோர்ட்டில் வழக்குப் போடலாமாம். அதற்கு இரண்டு வருட அவகாசம் இருக்கிறது. ஆனால் வீட்டின்மேல் இனிப் பிடி இல்லை. வென்றாலும் காசு எப்போது வரும் என்று தெரியாது.

வேலை சரியாக நடந்தது என்று சொல்ல ஒருவர் வேண்டும். நீங்கள் வருவீர்களா?

அப்பா, "உனக்குத் தமிழ் சொல்லித்தந்த மனிசியைக் கோட்டுக்கு இழுக்காதை" என்கிறார். நான் உங்களைக் கேட்பது அவருக்குத் தெரியாது.

அட்சயா

ரூஜ்
ஏப்ரல் 14

அட்சயா,

என்னால் வர முடியாது. என் போன கடிதத்தைக் கிழித்துவிடு. அங்கிள் அறிந்தால் எனக்குப் போக வேறு இடமில்லை.

ஜெயமலர்

மில்லிக்கன்
மே 5

ரீச்சர்,

நான் கிழிக்கவில்லை.

நீங்கள் எங்கே போவீர்கள் என்று இரண்டு கிழமை யோசித்தேன். ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை தெரிந்த ஒருவர் அப்பாவுக்கு ஒரு குளியலறை வேலை கொண்டுவந்தார். அப்பா மாட்டேன் என்றார். "செய்து குடுத்தா மட்டும் காசு தருவினமே?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். அதற்குப் பிறகு உங்கள் கடிதத்தை வேரோனிக்காவிடம் கொடுத்தேன்.

'அன்பு மகள்' என்ற வரியையாவது மறைக்கலாமா என்று கேட்டேன். முழுக் கடிதமும் வேண்டும் என்றா. வழக்குத் தாள்களில் அப்பா வாசிக்காமலே கையெழுத்து வைத்தார்.

உங்கள் கடிதமும் சேர்ந்த ஒரு பிரதி அங்கிளின் பெயருக்கு வெள்ளிக்கிழமை வரும். அதற்கு முன் இது உங்கள் கைக்குக் கிடைக்க வேண்டும்.

அட்சயா